இடது தோளில் துண்டு

மற்றப் பத்துப் பேரும் காலுறையை இழுத்துவிடும்போதே தாங்கள் எங்கே நிற்கப் போகிறோம் என்று தெரிந்தவர்கள். அவன் மட்டும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலில் பாதி சுற்றிய பட்டையைக் கையில் பிடித்தபடி கோச் வருவதற்காகக் காத்திருந்தான். பட்டையை இறுக்குவதா தளர்த்துவதா என்பது அவர் சொல்லப் போவதைப் பொறுத்தது. நடுக்களம் என்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கால் மரத்துப் போகாதபடி தளர்வாகச் சுற்ற வேண்டும். பின்வரிசை என்றால் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்க வேண்டிவரும்; மூட்டு அசையாத அளவுக்கு இறுக்க வேண்டும்.

“என்ன ஸ்டெப்னி, இன்னிக்கு எந்தச் சக்கரம் பஞ்சர்?” எதிர் பெஞ்சிலிருந்து கோல்கீப்பர் கேட்டான்.

“கோச் வந்து சொல்லட்டும். உன் சக்கரமாக்கூட இருக்கலாம்.”

“ஐயோ வேணாம்டா சாமி. அந்தக் கண்றாவிய இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது.”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருமுறை கோல்கீப்பருக்குத் தோள் கழன்றபோது, அளவில் பெரிய கையுறைகளை மாட்டிக்கொண்டு அவன் கோல் கம்பங்களுக்கு நடுவிலும் நின்றிருக்கிறான். சிலவற்றைத் தடுத்தான், சிலவற்றை விட்டான். விட்டதைப் பற்றித்தான் இன்றுவரை பேச்சு.

அவனை நடுக்கள ஆட்டக்காரன் என்றுதான் இந்த கிளப்பில் எடுத்தார்கள். பந்து காலுக்கு வருமுன்பே அது அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்று பார்த்து வைத்திருப்பான். வந்த சில வாரங்களில் லெஃப்ட் பேக்குக்குக் காய்ச்சல் கண்டது. “ஒரே ஒரு ஆட்டம், சமாளிச்சுடு” என்றார்கள். சமாளித்தான். அதுதான் வினையாகப் போயிற்று. அதன்பிறகு எங்கே ஓட்டை விழுந்தாலும் அவனைக் கொண்டு அடைத்தார்கள். இடது பக்கம், வலது பக்கம், முன்வரிசை, ஒரு பருவம் முழுக்கக் கோலுக்கு முன்னால் ஸ்டாப்பர். நடுக்களத்துக்குத் திரும்பி வந்து மூச்சு விடுவதற்குள் இன்னொருவனுக்குக் காலில் அடிபடும். நடுவில் இரண்டு பெரிய கிளப்கள் ஆள் விட்டுக் கூப்பிட்டன. “என்னை விட்டா இங்க ஆள் கிடையாது” என்று பெருமையாகச் சொல்லி மறுத்துவிட்டான். அப்போது அவன் முழங்கால் நன்றாக இருந்தது.

கிளப் ஒரு கம்பி ஆலைக்குச் சொந்தமானது. மைதானம் ஆலையின் மதிலை ஒட்டியே இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்புக் கம்பியை இழுத்து மெலிதாக்கும் இயந்திரங்கள் ஓயாமல் அலறின. பத்தடி தள்ளி நிற்பவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். அதனால் ஆலையில் வேலை செய்பவர்கள் கையாலேயே பேசிப் பழகியிருந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்தாலும் அதே பழக்கம்தான், திட்டுவதும் கையால்தான். அவன் இடம் மாறும்போதெல்லாம் கேலரியில் இருப்பவர்கள் ஒரு சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது போலக் கையாட்டிச் சிரிப்பார்கள்.

கோச்சுக்குத் துண்டுதான் வாய். வலது தோளில் போட்டால் ரைட் பேக்குக்குப் போ. இடது தோளில் போட்டால் லெஃப்ட் பேக். கழுத்தைச் சுற்றிப் போட்டால் நடுவுக்கு வா. இது அவர்கள் இருவருக்குள் தானாக ஏற்பட்ட வழக்கம். மற்றவர்களுக்கு அது வெறும் துண்டு. அவர்களை யாரும் இடம் மாற்றுவதில்லை. அவன் மட்டும் ஒரு கண்ணைப் பந்திலும் மறு கண்ணைக் கோச்சின் தோளிலும் வைத்து ஆடினான். துண்டு இடம் மாறியதும் ஓடிவிடுவான். ஏன் என்று யோசித்து நிற்கிற நேரத்தில் பந்து வலைக்குள் போய்விடும்.

கோச் உள்ளே வந்தார். அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரு காலத்தில் அவன் பக்கத்தில் நின்று ஆடியவர்.

“நீ நடுவுல ஆரம்பி. நம்ம ரைட் பேக்குக்கு கணுக்கால் வீங்கிக் கிடக்கு, எவ்வளவு நேரம் தாங்குவான்னு தெரியல. துண்டப் பாத்துக்கோ.”

“சரிண்ணே.”

“ஜெயிக்கவே வேணாம். டிராவாச்சுன்னா போதும், மேல் டிவிஷன்ல தங்கிடலாம். புரியுதா எல்லாருக்கும்?” அவன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு மட்டும் தள்ளிட்டா உன் விஷயமும் முடிஞ்ச மாதிரி. மேனேஜர் சார் மூடு நல்லா இருக்கும்.”

அவனுடைய விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது அவனுக்குக் கடைசிப் பருவம். கால் தளர்ந்த ஆட்டக்காரனை ஆலைக்குள் எடுத்துக்கொள்வது கிளப்பின் வழக்கம். பருவம் முடிந்ததும் கிளப் மேனேஜரே அவனை ஆலை வாசல் வழியாக நடத்திக் கூட்டிப் போய் ஒரு ஃபோர்மேனிடம் ஒப்படைப்பார். அன்று முதல் அவன் பெர்மனன்ட். பழைய சென்டர் ஃபார்வர்ட் இப்போது எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறார். முந்தைய கோல்கீப்பர் ஸ்டோரில். ஆலைக் குடியிருப்பில் ஆட்டக்காரனுக்குக் கொடுத்த வீடும் அதோடு நிலைத்துவிடும். வேலை கிடைக்காவிட்டால், அந்த வீடு அடுத்து வருகிற ஆட்டக்காரனுக்கு.

பட்டையைத் தளர்வாகச் சுற்றி முடித்தான்.

இடைவேளைவரை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நடுக்களத்தில் அவன் நன்றாகவே ஆடினான். அவர்கள் போட்ட அந்த ஒரு கோலுக்கும் பந்து அவன் காலிலிருந்துதான் போயிற்று. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரைட் பேக் தரையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். துண்டு வலது தோளுக்கு வந்தது. கேலரியில் கைகள் சக்கரம் மாட்டின. அவன் பின்னால் போனான்.

அந்தப் பக்கம் ஆடிய எதிரணி விங்கர் சின்ன வயது. காற்றைப் போல ஓடினான். அவனோடு ஓட்டத்தில் போட்டி போட முடியாது என்பது முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. அதனால் ஓடவில்லை. அந்தப் பையன் ஓடப் போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டான். பையன் எரிச்சலோடு உள்பக்கம் திரும்பினான், பந்தை இழந்தான். மறுபடி வந்தான், மறுபடி இழந்தான். தளர்வான பட்டைக்குள் மூட்டு வழுக்கி வழுக்கி நகர்ந்தது. ஒருமுறை சறுக்கி விழுந்து எழுந்தபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. எழுந்து, வழக்கம்போலக் கோச்சைப் பார்த்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவன் மீண்டும் பார்த்தபோது, துண்டு இடது தோளில் கிடந்தது.

இந்த இடத்தை விட்டுப் போகச் சொல்கிறாரா என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான். கால்கள் ஏற்கெனவே நகர்ந்திருந்தன. லெஃப்ட் பேக்குக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும், தனக்குத் தெரியாத ஒன்று கோச்சின் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தபடி மைதானத்தின் குறுக்கே ஓடினான். லெஃப்ட் பேக் அவனைப் பார்த்து, இங்கே ஏன் வந்தாய் என்பது போலக் கையை விரித்தான். அவன் திரும்பினான். காலியாகக் கிடந்த வலது பக்கத்தில் அந்தச் சின்னப் பையன் யாருடைய தொந்தரவும் இல்லாமல் பந்தை உருட்டிக்கொண்டு போனான். கோல்கீப்பர் முன்னே ஓடிவந்து விழுந்தான். பந்து அவனைத் தாண்டி மெதுவாகப் போய் வலையைத் தொட்டது.

மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஏதோ கத்தினார்கள். ஆலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

தோற்ற கையோடு உடைமாற்றும் அறைக்கு மேனேஜரே வந்துவிட்டார். சாதாரணமாக ஆட்டம் முடிந்ததும் காரில் ஏறிப் போய்விடுகிறவர்.

“ரைட் பேக்ல யாருய்யா நின்னது?”

எல்லோரும் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார்கள்.

“உங்களத்தான் கேக்கறேன்.”

“நான்தான் சார்.”

“நின்னியா? அங்க ஆளே இல்லையேப்பா. அந்தப் பக்கம் என்ன மேயப் போயிருந்தியா? யார் போகச் சொன்னது?”

அவன் கோச்சைப் பார்த்தான். துண்டு அவர் கையில் சுருண்டு கிடந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“யாரும் சொல்லல சார். ரொம்பக் களைச்சுட்டான். மாறி மாறி நிக்கறவன் இல்லையா, கடைசி நேரத்துல எந்த இடம்னு குழம்பிட்டான். பாவம்.”

கேட்பவர்களுக்கு அவர் அவனுக்காகப் பரிந்து பேசுவது போலத்தான் இருந்தது. மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். கோல்கீப்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இன்றைக்கு நக்கல் எதுவும் இல்லை.

“துண்டு எந்தத் தோள்ல இருந்துதுன்னு நீ பாத்தியாடா?” என்று கோல்கீப்பரிடம் கேட்டான்.

“நான் பந்தப் பாத்துட்டிருந்தேன் மச்சி. துண்ட எவன் பாப்பான்?”

வீட்டுக்குப் போகும் வழி ஆலை மதிலை ஒட்டியே போயிற்று. பாதி வழியில் கோச் சைக்கிளில் வந்து அவனை எட்டிப் பிடித்தார். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தார். சத்தத்தில் பேச முடியாமல், மதில் முடிகிற மூலைவரை இருவரும் பேசாமலே போனார்கள்.

“அண்ணே, துண்டு இடது தோள்ல இருந்துது.”

“இருந்துதுடா.” அவர் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வேர்வை கண்ணுக்குள்ள போயிடுச்சு. வலது கையில தண்ணி பாட்டில். இடது கையால தொடச்சு அப்படியே போட்டுட்டேன். நீ ஓடறதப் பாத்ததுக்கப்புறந்தான் தோளத் தொட்டுப் பாக்கறேன். கையக் காட்டினேன், கத்தினேன். நீ திரும்பவே இல்ல.”

“அத சார்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா இன்னிக்கே என்னத் தூக்கியிருப்பாரு. ஏற்கெனவே எவனையோ கொண்டு வரணும்னு பேசிட்டிருக்காங்க. புதுசா வர்றவனுக்கு உன்ன யாருன்னு தெரியுமா? நான் உள்ள இருந்தாத்தான்டா உன் வேலையப் பத்தி வாயத் திறக்க முடியும்.” அவன் தோளில் கைவைத்தார். “கொஞ்சம் வாய மூடிட்டு இரு. நான் பேசி முடிக்கறேன். என் புள்ளைங்க மேல சத்தியம்.”

அவன் சரி என்றான்.

வீட்டில் மனைவி இன்னும் வேலை உடுப்பை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் தைப்பவள். முன்கையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. செய்தி அவனுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டது. தெருமுனைக் குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் கையால் சக்கரம் சுற்றிக் காட்டியிருந்தார்கள்.

“நீங்களா இடத்த விட்டுப் போனீங்க?” என்று கேட்டாள். “உண்மையச் சொல்லுங்க.”

சொன்னான். மதில் மூலையில் நடந்ததையும் சொன்னான். அவள் கையில் இருந்த பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தபடி கேட்டாள்.

“அப்ப நாளைக்கே போய் சார்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுங்க.”

“சொன்னா அண்ணன் வேலை போயிடும்.”

“சொல்லலன்னா?”

“பேசறேன்னு சொல்லியிருக்காரு. சத்தியம் பண்ணியிருக்காரு.”

“அவரு துண்டப் போட்டாரு, ஓடினீங்க. இப்ப வாய மூடுன்னாரு, மூடிட்டீங்க.” அவள் எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “இந்த வீட்டு மேல எனக்கென்ன மோகம்? மழை பேஞ்சா மேல இருந்து சொட்டுது. ஆனா கதவத் தட்டி ‘வீடு காலியா இருக்கா’ன்னு இன்னொரு தெருவுல போய் நிக்க என்னால ஆகாதுங்க. நீங்க என்ன வேலைன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? எல்லா இடத்துலயும் ஆடுவாருன்னா?”

அவன் பட்டையை அவிழ்த்தான். முழங்கால் வீங்கி, பட்டையின் நெசவு தோலில் அப்படியே பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கோச்சும் இருந்தார், மேசைக்குப் பக்கவாட்டில், ஜன்னலை ஒட்டிய நாற்காலியில். அவனுக்கு நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“உன்மேல எனக்குக் கோபம் இல்லப்பா,” என்றார் மேனேஜர். “நானும் யோசிச்சுப் பாத்தேன். டைரக்டர் முன்னாடி உன்ன நிறுத்தணும். என்னன்னு சொல்லி நிறுத்தறது? அந்த சென்டர் ஃபார்வர்ட கூட்டிட்டுப் போனப்ப, அவன் போட்ட கோல டைரக்டரே எனக்குக் கதை கதையா சொன்னாரு. கோல்கீப்பர்னா அவன் புடிச்ச பெனால்டி இருக்கு. நீ இத்தனை வருஷமா எங்க ஆடினே?”

“எல்லா இடத்துலயும் சார்.”

“அதான் சிக்கல். ஒரு இடத்துலயும் உன்ன யாருக்கும் ஞாபகம் இல்ல. கடைசியா நீ விட்டுட்டுப் போன இடம்தான் ஞாபகம் இருக்கு.”

அவன் கோச்சைப் பார்த்தான். கோச் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அங்கே கம்பிச் சுருள்களை ஏற்றிய லாரி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

“நல்ல பையன் சார்,” என்றார் கோச். அவ்வளவுதான்.

“நல்ல பையன்னு நானும்தான் சொல்றேன்,” என்றார் மேனேஜர்.

வீட்டில் தரையில் சிந்திய வெந்நீர் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

“சார், நான் குழம்பல,” என்றான். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. “துண்டு இடது தோள்ல இருந்துது. அதான் போனேன்.”

“என்ன துண்டு?”

சொன்னான். வலது தோள் என்றால் என்ன, இடது தோள் என்றால் என்ன, கழுத்தைச் சுற்றினால் என்ன என்று கையால் காட்டிச் சொன்னான். சொல்லச் சொல்ல, இந்த அறைக்குள் அது ஏதோ குழந்தைகள் விளையாட்டு போல ஆகிக்கொண்டே போவது அவனுக்குத் தெரிந்தது. மேனேஜரின் உதடு ஓரத்தில் சிரிப்பு வந்தது.

“இருய்யா, இரு. துண்டப் பாத்தா நீ ஃபுட்பால் ஆடினே?”

“ஆமா சார்.”

“வலது பக்கம் அந்தப் பையன் ஓடறான். நீ பாக்கற. துண்டு இந்தப் பக்கம் இருக்குன்னு விட்டுட்டுப் போயிட்ட. உனக்குன்னு மூளை கிடையாதா?” கோச்சின் பக்கம் திரும்பினார். “இப்படியெல்லாமா இங்க நடக்குது?”

கோச்சின் முகம் சிவந்திருந்தது. “அப்படி ஒரு பழக்கமே கிடையாது சார். வேர்வை தொடைக்க வச்சிருக்கறது.”

அதற்குப் பின் மேனேஜர் கனிவாகவே பேசினார். மாதக் கடைசிவரை வீட்டில் இருந்துகொள்ளலாம் என்றார். ஆலைக்குள் இப்போதைக்கு முடியாது. வாட்ச்மேன் கான்ட்ராக்டரிடம் சொல்லிப் பார்க்கலாம். “புது டீம் பிராக்டீஸ் ஆரம்பிக்கிற அன்னிக்கு கிரவுண்டுக்கு வருவேன். அங்க வந்து பாரு.”

அன்றைக்கு மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு மைதானத்துக்குப் போனான். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. புது ஆட்கள் வந்திருந்தார்கள். ரைட் பேக்குக்கு ஒருவன், லெஃப்ட் பேக்குக்கு ஒருவன், நடுக்களத்துக்கு ஒருவன். மூவரும் தங்கள் இடங்களில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் தூரத்திலிருந்து கையை உயர்த்தினான்.

ஃப்ரீ கிக் பழகுவதற்காகக் கோலுக்கு முன்னால் மர ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மனித உருவத்தில் அறுத்து, கிளப்பின் நிறம் பூசிய பலகைகள். அதில் ஒன்று அடிக்கட்டை உடைந்து புல்லில் கிடந்தது.

கோச் அவனைப் பார்த்தார். பார்க்காதது போல இருக்க முயன்று, பிறகு பக்கத்தில் வந்தார்.

“சார் வந்துட்டிருக்காரு. அதுவரைக்கும்... இங்க ஒரு ஆள் உடைஞ்சு போச்சுடா. அந்த இடத்துல கொஞ்சம் நிக்கிறியா? பசங்களுக்கு இடைவெளி தெரியுது.”

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய் நின்றான்.

“இன்னும் கொஞ்சம் வலது பக்கம்ணா,” என்று கத்தினான் பந்துக்குப் பின்னால் நின்ற புதுப் பையன். அவன் நகர்ந்தான். “ஆங், அங்கதான். அசையாதீங்க.”

இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டான். முதல் பந்து தலைக்கு மேலே போயிற்று. அடுத்தது மோதி, பக்கத்துப் பலகை ஆலைச் சத்தத்தில் ஓசை கேட்காமல் அதிர்ந்தது. இன்னொன்று அவன் தொடையில் பட்டது. சட்டை ஓரத்தில் புழுதி அப்பியது. மேனேஜரின் கார் வாசலுக்குள் வந்து கேலரியின் ஓரமாக நின்றபோது மழை பிடித்துக்கொண்டது.

பையன்கள் தலையில் கைவைத்தபடி கொட்டகைக்கு ஓடினார்கள். கோச்சும் ஓடினார். காரின் கண்ணாடி இறங்கவில்லை. முன்கண்ணாடியில் துடைப்பான்கள் இங்கும் அங்கும் அசைவது மட்டும் தெரிந்தது. இங்கே நின்றால் காரிலிருந்து பார்த்ததும் தெரியும்; கொட்டகைக் கூட்டத்துக்குள் போனால் தெரியாமல் போய்விடும். அவன் நின்றான்.

மைதானக்காரர் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். மர ஆட்களை ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கித் தூக்கிப் போனார். உடைந்ததையும் விடவில்லை.

“மரம் நனைஞ்சா உப்பிடும்பா,” என்று அவன் காதருகே கத்தினார். “அப்புறம் புதுசு வாங்கித் தரமாட்டாங்க.”

கடைசிப் பலகையையும் கொட்டகைக்குள் சாய்த்து வைத்து, மேலே தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, காற்று நுழையாதபடி ஓரங்களைச் சுற்றிலும் செருகினார். மழை வலுத்தது. வெறும் புல்வெளியில், கைகளை முன்னால் கோத்தபடி, சொன்ன இடத்திலேயே அவன் நின்றுகொண்டிருந்தான்.